வயது இறங்கும் பிள்ளை

எதிர்வீட்டு வசுமதியின் மகள் தன்யஸ்ரீக்கு எட்டு வயதும் நான்கு மாதமும் முடிந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், பெரிய பல்லாக முளைத்து இரண்டு வருடம் ஆகியிருந்த அவளுடைய முன்பல் மறுபடி பால்பல்லாகிவிட்டிருந்தது. பல் விளக்கிவிடும்போது அதைப் பார்த்த வசுமதி, பிள்ளையை வாயில் நுரையோடு அப்படியே தெருவைத் தாண்டி இழுத்துவந்து என்னிடம் காட்டினாள், தறிக்கு நூல்கட்டை சுற்றிக்கொண்டிருந்த நான் மெஷினை விட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன், அது அரிசி போலச் சின்னதாக, வெள்ளையாக, ஆடாமல் நின்றது. அடுத்த திங்கட்கிழமை பக்கத்துப் பல்லும் சிறுத்தது. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்துப் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது, செருப்பு காலைவிட்டு முன்னால் ஓடியது, ஆடி மாதம் பிறந்தபோது அவள் ஏழு வயதுப் பிள்ளையாகி, ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெரு காவிரிக்கரையில் இருக்கிற விசைத்தறித் தெரு. முப்பது வீடு, நாற்பத்தாறு தறி. வீட்டின் முன்பாதியில் தறி, பின்பாதியில் குடும்பம், நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, எல்லா வீடும் அப்படித்தான். விடிகாலையில் ஆரம்பிக்கிற சத்தம் ராத்திரி ஷிப்ட் முடிகிறவரை ஓயாது, அந்தச் சத்தத்துக்குள்ளேயே நாங்கள் சிரிப்போம், சண்டை போடுவோம், பிள்ளை பெறுவோம், ஒருத்தர் வாயசைவைப் பார்த்தே ஒருத்தர் பேச்சைப் புரிந்துகொள்வோம், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் இவர்கள் ஏன் இப்படிக் கத்திப் பேசுகிறார்கள் என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். தெருவில் சாவு விழுந்தால் மட்டும்தான் எல்லாத் தறியையும் நிறுத்துவோம், பிணம் எடுக்கிறவரைக்கும்.

வயது இறங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முதலில் யாருக்கும் தெரியவில்லை, ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கும், இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கும் மாற்றி உட்காரவைத்தார்கள், வாய்ப்பாடு முதலில் போயிற்று, பிறகு கூட்டல் போயிற்று, பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போய், தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் கொஞ்ச நாள் தங்கியிருந்து அதுவும் போயிற்று. ஹெட்மாஸ்டர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, அந்தப் பிள்ளை முன்பிருந்தே ஒரு தினுசுதான் என்றார்: பாடம் நடக்கும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், கேட்ட கேள்விக்குப் பதில் வராது, பக்கத்துப் பிள்ளை ரப்பரை எடுத்தால் கையைக் கடித்துவைப்பாள், தலை வாரிவிட யாராவது கையைத் தூக்கினால் காதுகளை மறைத்துக்கொண்டு குனிந்துவிடுவாள், சத்துணவு முட்டையைத் தின்னாமல் பைக்குள் ஒளித்து நாறவிடுவாள். மந்தம் என்று ஒரு டீச்சரும் திமிர் என்று இன்னொரு டீச்சரும் எழுதிவைத்திருந்தார்கள்.

ஒன்றாம் வகுப்பிலும் தாங்காமல் அவள் அங்கன்வாடிக்கு வந்தபோது, அங்கே முப்பது வருடமாகப் பிள்ளை பார்க்கிற மரகதம் டீச்சர், எடை மெஷினில் நிறுத்திப் பார்த்துவிட்டு மோவாயில் கைவைத்துக்கொண்டார்.

"வர்ற பிள்ளைங்க எல்லாம் ஏறுது, இது ஒண்ணு எறங்குது. மேல போற கோட்டுக்குத்தான் எனக்கு நோட்டுக் குடுத்திருக்காங்க, கீழ வர்றதை நான் எங்கீன்னு எழுதறது?"

எழுதினார்தான். பிள்ளை வளர்ந்துவிட்ட வீடுகளிலிருந்து பழைய கவுன்கள் வந்தன, பெரியதிலிருந்து சின்னது என்ற வரிசையில் அவற்றை மடித்துவைக்க வசுமதி ஒரு அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டாள். தெருப்பிள்ளைகள் ஒவ்வொரு படியாகக் குனிந்துகொண்டே போய்க் கடைசியில் தரையில் உருண்டு காணாமல் போகிற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து, அதற்கு எறங்கற ஆட்டம் என்று பேர் வைத்து, சாயங்காலமெல்லாம் ஆடினார்கள். தறிச் சங்கத்துத் தலைவர் நாச்சிமுத்து, எனக்கு ஒரு இருபது வருஷம் எறங்கினாக்கூடப் போதும், இன்னொருக்கா பொண்ணு பாக்கப் போயிருவேன் என்று டீக்கடையில் சொல்ல, இருபது வருஷம் எறங்கினாலும் அதே மூஞ்சிதானே எறங்கும் என்று அவர் சம்சாரம் சொல்லிவிட்டுப் போனது. சிரித்தோம். மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், மணிக்கட்டு சின்னதாகச் சின்னதாகக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. எதிலும் கெட்டதை முதலில் நினைக்கிற மனசு எனக்கு. ஏறுகிறதற்கு ஒரு முடிவில்லை, எண்பது, தொண்ணூறு என்று போகலாம், ஆனால் இறங்குகிறதற்கு ஒரு அடி இருக்கிறதே, அந்த அடிக்கும் கீழே எங்கே போவாள் என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டேன்.

ஈரோட்டில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள், நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், அதிக நேரம் முதுகைப் பார்த்தார். பிள்ளை எதற்கோ பயந்துபோயிருக்கிறது, அந்தப் பயம்தான் வளரவிடாமல் கீழே இழுக்கிறது, என்ன நடக்கும்போது இறங்குகிறாள் என்று வீட்டில் கவனித்துச் சொல்லுங்கள் என்றார். வசுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் செங்கோட்டுவேலுதான் பதில் சொன்னான், பொறந்ததிலிருந்து நாலு தறிக்குப் பக்கத்திலேயே கெடக்குதுங்க, அந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுதுங்க என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. சரியென்று படட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஊருக்கு வந்து சங்கத்தில் சொன்னதும், நாச்சிமுத்து இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கூட்டம் போட்டு, இனி தினமும் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை நாற்பத்தாறு தறியையும் நிறுத்துவது என்று முடிவெடுத்தார். சாவுக்கு மட்டும் நிறுத்துகிற தறியை உயிரோடிருக்கிற ஒரு பிள்ளைக்காக நிறுத்தியது எங்கள் தெருவில் அதுதான் முதல்முறை. ஒரு மணிக்கு ஒவ்வொரு வீடாக ஓய்ந்து, கடைசித் தறியும் அடங்கியதும், குக்கர் விசிலும் யாரோ இருமுகிற சத்தமும் ஆற்றில் துணி அடிக்கிற சத்தமும் பக்கத்தில் வந்து நின்றன, சில பெண்களுக்குத் தலை சுற்றியது, மாடுகள் கயிற்றை இழுத்தன. எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தோம். பிள்ளைகளை வாயில் விரல்வைத்து, பொட்டாட்ட இருங்க, தன்யாப் பாப்பா வளரட்டும் என்று அடக்கினோம்.

அந்த ஒரு வாரத்தில் அவள் ஐந்திலிருந்து மூன்றுக்கு விழுந்தாள்.

இன்னும் சத்தம் இருக்கிறதுபோல என்று நினைத்து, காலையிலும் இரண்டு மணி நேரம் சேர்த்து நிறுத்தினோம். அவள் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தாள். பெட்டியில் மடித்துவைத்த கவுன்கள் அடிவரைக்கும் தீர்ந்துபோய், பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு போட்டார்கள். வசுமதி ஒரு மத்தியானம் என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டு ஜாக்கெட்டைக் காட்டினாள், நனைந்திருந்தது, ஆறு வருடத்துக்கு முன் நின்ற பால் திரும்ப வந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை அக்கா, அடிவயிறு இறங்கி இறங்கி வலிக்கிறது, அவள் திரும்பி வரத் தயாராகிறாள்போல இருக்கிறது என்றாள். எங்கே வர என்று நான் கேட்கவில்லை. நர்ஸம்மாவிடம் சொன்னோம், அவரும் அடுத்த வாரம் எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் வசுமதி கோயிலுக்குப் போனபோது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளை என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலிக் கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது, முகம் நன்றாகத் தெளிந்திருந்தது, ஏதோ ஒரு பாட்டைக்கூட வாய்க்குள் முனகினாள். மணி ஒன்று அடித்தது. முதல் வீட்டில் தறி நின்றது. அவள் கை நின்றது. இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று அடங்கிக்கொண்டே வர, அவள் கட்டைகளை விட்டுவிட்டு மண்டியிட்டுத் தவழ்ந்து என் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். காதுகளை மறைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் கதவின்மேல் வைத்திருந்தாள்.

"நின்னுபோச்சு. அப்பா வருது" என்றாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை துண்டுத்துணிக்குள் ஒரு விரற்கடை உள்ளே போனது. என் கண்ணெதிரில்.

நூல் அறுந்தால் தறி ஒன்று ஒன்றாகத்தான் நிற்கும், முடிச்சுப் போட்டதும் ஓடும். எதிர்வீட்டில் நான்கு தறியும் ஒன்றாக நிற்பது வேறு. நான்கு வருடமாக எனக்கு அது தெரியும். செங்கோட்டுவேலு குடிக்கிறவன் இல்லை, யாரிடமும் மரியாதை குறையப் பேசமாட்டான், கோயில் காரியத்துக்கு முதல் ஆளாக நிற்பான், சோறு ஆறியிருந்தாலோ பிள்ளை நோட்டில் தப்பு இருந்தாலோ, அல்லது எதுவுமே இல்லாமலோ, நான்கு தறியையும் அணைத்துவிட்டு, நடுச்சுவர்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவான். பார்க்க ஆளில்லாமல் தறி ஓடினால் துணி கெட்டுவிடும் என்று, நிறுத்திவிட்டு அடிக்கப் போகிற ஆள். அந்த நேரத்தில் தெருவில் மற்றத் தறிகள் ஓடிக்கொண்டிருப்பதால் ஒன்றும் கேட்காது என்று நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வோம். எனக்குக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் நான் மெஷினைப் போட்டு, நூல் இல்லாத வெறும் கட்டையைச் சுற்றவிட்டிருக்கிறேன்.

நான் தெருவுக்கு ஓடினேன். நாச்சிமுத்து தன் வாசலில் நின்றிருந்தார், தறியைப் போடச்சொல்லுங்க, எல்லாத் தறியையும் போடச்சொல்லுங்க என்றேன். பிள்ளைக்காகத்தானே நிறுத்தியிருக்குது, பாப்பாத்தி என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார். அப்போது அதைச் சொல்லவேண்டி வந்தது. தறி ஓடாத தெருவில் சொன்னேன், முப்பது வீட்டுக்கும் கேட்டது.

"செங்கோட்டுவேலு தறியை நிறுத்திப்போட்டுப் போய்த்தான் அடிப்பான். சத்தமில்லாத நேரம்னா அந்தப் பிள்ளைக்கு அது ஒண்ணுதான் தெரியும். நாம தெனமும் அஞ்சு மணி நேரம் அந்த நேரத்தைக் கூப்பிட்டு உக்காரவெச்சிருக்கறோம்."

ஒருத்தரும் என்னை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஆடிக்காற்றில் கரண்ட் போன நாளெல்லாம் பிள்ளை இறங்கியதைப் பற்றி ஒருத்தர் இன்னொருத்தரிடம் மெல்லச் சொன்னார். செங்கோட்டுவேலு தன் தறிப்பட்டறைக்குள்ளிருந்து வந்தான், முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, மொதல் பல்லு மாறுன அன்னிக்கே பயந்துட்டனுங்க்கா. கை வெச்சு ரெண்டு மாசமாச்சு. சாமி மேல சத்தியமா."

அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த வசுமதி நடுத்தெருவில் நின்றாள், கையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. புருஷனைப் பார்த்து அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"அடிச்சா அன்னிக்கு முடிஞ்சு போயிருமுங்க. அடிக்காத நாள்ல இப்பவா, இப்பவான்னு பொழுதுக்கும் காத்துக்கிட்டே இருக்கோணும். ரெண்டு மாசமா அதுவும் நானும் காத்துக்கிட்டு இருக்கறமுங்க."

அன்றைக்கே செங்கோட்டுவேலு துணிமணியை எடுத்துக்கொண்டு சங்கக் கட்டடத்துக்குப் போனான், அவன் தறியை நாச்சிமுத்துவின் மகன் ஓட்டினான். தறிகள் மறுபடி இடைவிடாமல் ஓடின. பிள்ளை ஒன்றேகால் வயதில் நின்றாள். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இந்த ஊரே வேண்டாமென்று வசுமதி அவளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள், அது தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிற அமைதியான வீடு, போன அன்று மாலையே நடை மறந்து பிள்ளை தவழ ஆரம்பித்ததும், அடுத்த பஸ்ஸில் அலறியடித்துத் திரும்பி வந்தாள். அப்படியே எத்தனை காலத்துக்குத் தறிச்சத்தத்தைப் போர்த்தி வைத்திருப்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தது.

நாச்சிமுத்து மின்வாரிய ஆபீசுக்குப் போய்க் கேட்டார், கம்பம் சாய்ந்திருக்கிறது, தள்ளிப்போட முடியாது என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். ஜெனரேட்டர் ஒன்று கிடைத்தது, இரண்டு தறிக்குமேல் இழுக்கவில்லை, அரைமணியில் புகைந்து நின்றுபோயிற்று. ஒரு வாரத்தில் இரண்டு வருடம் விழுந்தவளுக்கு ஒரு முழு நாள் எத்தனை மாதம் என்று யாரும் வாய்விட்டுக் கணக்குப் போடவில்லை, எல்லோரும் மனசுக்குள் போட்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுப் பின்கட்டில் பத்துப் பெண்கள் உட்கார்ந்தோம், நடுவில் வசுமதி மடியில் பிள்ளை. புருஷன் எங்கே இருக்கிறான் என்று தனக்குத் தெரியவேண்டும் என்று வசுமதி கேட்டதால், செங்கோட்டுவேலுவைச் சங்கக் கட்டடத்தில் உட்காரவைத்து நாச்சிமுத்து வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்கு நாற்பத்தாறு தறியும் ஒரே வெட்டாக நின்றன.

அவள் தவழ்ந்துபோய் ஒளியப் பார்த்தாள், பாதி வழியிலேயே தவழ்வது மறந்துபோயிற்று. தூக்கி மடியில் வைத்தார்கள். தாம்பாளத்தைத் தட்டிச் சத்தம் போட்டுப் பார்த்தோம், திடுக்கிட்டு இன்னும் சுருங்கினாள், நிறுத்திவிட்டோம். பத்து மணிக்கு உட்கார முடியவில்லை. பற்கள் ஒவ்வொன்றாக ஈறுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கடைசிப் பல் போனதும் மரகதம் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினொரு மணிக்குத் தலை நிற்காமல் சாய்ந்தது. வசுமதிக்கு வலி விட்டுவிட்டு வந்தது, வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு பிள்ளையை இன்னும் இறுக்கினாள், ஒருத்தி இருமினால்கூட மற்றவர்கள் ஸ்ஸ் என்றோம். பத்துப் பேர் இருந்த அறையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். மதியம் ஆகும்போது அவள் பிறந்து பத்து நாள் ஆன சிசுவைப்போல, சிவந்து, சுருங்கி, கண்ணை அகலத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மரகதம் டீச்சர்தான் கேட்டார்.

"ஏன் வசு, இத்தனை சின்னப் பிள்ளை இந்நேரம் வீல்னு கத்தியிருக்கோணுமே. இவ அழவே மாட்டாளா?"

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வசுமதியின் வலது கை பிள்ளையின் வாய்மேல் இருந்தது. அழுத்தவில்லை, மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும் மெல்ல மூடிக்கொண்டு, ரொம்ப நாள் பழகின இடத்தில் இருப்பதுபோல அந்தக் கை இருந்தது. வசுமதியும் குனிந்து தன் கையைப் பார்த்தாள், யாருடைய கையோ என்பதுபோல.

"அழுதா இன்னும் ரெண்டு சேத்து விழும்" என்றாள். "கைப்பிள்ளையிலிருந்தே நான்தான் பொத்துவேன். அவர் தறியை நிறுத்தினதும் என் கை தானாப் போயிருமுங்க்கா."

அவளை என்ன சொல்ல, நானும் வெறும் கட்டையைச் சுற்றியவள்தானே. வசுமதி அந்தக் கையை எடுக்கப் பார்த்தாள், அது வரவில்லை, இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிரித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னிடம் நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன், ஐஸ்போல இருந்தது.

"அழு கண்ணு" என்றாள். "நான் இருக்கறேன். யாரும் வரமாட்டாங்க. அழு."

பிள்ளை வாயைத் திறந்தது. முதலில் சத்தம் வரவில்லை, முகம் மட்டும் கோணியது, நாக்கு நடுங்கியது, எட்டு வருடமும் நான்கு மாதமும் உள்ளே போனது எந்த வழியாக வருவதென்று தேடுவதுபோல இருந்தது. பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, அது சிசுவின் அழுகையாக ஆரம்பித்து, இரண்டு வயதுப் பிள்ளை அழுவதுபோலவும் ஐந்து வயதுப் பிள்ளை அழுவதுபோலவும் மாறி மாறி வந்தது, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று, அதை மறைக்க ஒரு தறிகூட ஓடவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து வெயிலில் நின்றார்கள். சங்கக் கட்டடத்தில் செங்கோட்டுவேலு எழுந்து நின்றதாகவும், உட்காருப்பா, நீயும் கேளு என்று நாச்சிமுத்து சொன்னதாகவும் பிறகு சொன்னார்கள்.

அழுகிற நேரமெல்லாம் அவள் இறங்கவில்லை. அதை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டோம், தெரிந்த பிறகும் வாய்விட்டுச் சொல்லப் பயந்தோம். பால் குடித்தாள், மறுபடி அழுதாள். ஐந்து மணிக்குத் தலைக்குமேல் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, கரண்ட் வந்துவிட்டது, ஆனால் அந்த அழுகையை மறுபடி மூடிவிடுவோமென்று தெருவில் ஒருத்தரும் போய்த் தறியைப் போடவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை, வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் கொடுத்திருந்தேன். மூச்சு இழுப்பதற்காக அவள் நிறுத்துகிற அந்த ஒரு நொடி வரும்போதெல்லாம் முப்பது வீட்டுச் சனமும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவள் மறுபடி அழுதாள்.